விண்ணில் மறைந்த இசைக் குயில்கள்

இசைக் கலைஞனின் வாழ்வில் ஒரு பாதி மேடையில் கழிகிறது. மறு பாதி வழியில் கழிகிறது. இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர், நாளை மறுநாள் வேறொரு தேசம். குறித்த நாளில், குறித்த மணிக்குத் திரை விலகியாக வேண்டும். சீட்டு வாங்கிய ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். உடல் நலமில்லை, உறக்கமில்லை, மழை பெய்கிறது, பனி கொட்டுகிறது என்று கூறி அவன் தப்ப இயலாது. புகைவண்டியும் கப்பலும் மட்டும் இருந்த காலத்தில் ஓராண்டுக்கு ஐம்பது கச்சேரிகள் செய்தவன், ஆகாய விமானம் வந்தபின் நூற்றைம்பது கச்சேரிகளுக்கு ஒப்புக்கொள்ளலானான். ஆகவேதான், விமான விபத்தில் மாண்டவர்களின் பட்டியலைப் புரட்டினால், இசை உலகின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் நெஞ்சை அடைக்கின்றன.

டாங்கோ இசையின் மன்னர் எனப் போற்றப்பட்ட கார்லோஸ் கார்தெல், 1935 ஜூன் 24 அன்று கொலம்பியா நாட்டின் மெடலின் விமான தளத்தில், இரு விமானங்கள் மோதிய தீயில் கருகினார். அமெரிக்க வாத்தியக் குழுத் தலைவர் கிளென் மில்லர், போர் வீரர்களுக்கு இசை விருந்தளிக்க, 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸ் நோக்கிச் சிறு விமானமொன்றில் புறப்பட்டார். ஆங்கிலக் கால்வாயின் மீது பறந்த அவ்விமானம் இன்றளவும் கண்டெடுக்கப்படவில்லை. பட்டியல் நீளமானது. அனைவரையும் இங்கே எடுத்துரைக்க இடமில்லை. சிலரை மட்டும் நினைவுகூர்ந்து, அவர்களுடைய முடிவு நமக்குச் சொல்லும் செய்தி யாதெனச் சிந்திப்போம்.

ஐயோவாவின் பனி இரவு

1959 பிப்ரவரி 2. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்னும் சிற்றூர். கடுங்குளிர். 'சர்ஃப் பால்ரூம்' என்ற அரங்கில் இளைஞர் கூட்டம் அலைமோதுகிறது. மேடையில் மூன்று இளம் பாடகர்கள். முதல்வர் பட்டி ஹாலி, வயது 22, மூக்குக் கண்ணாடியும் கிட்டாருமாக மேலை நாட்டு இளைஞரின் உள்ளங்களைக் கவர்ந்தவர், மணமாகி ஆறு மாதங்களே ஆனவர். இரண்டாமவர் 'பிக் பாப்பர்' என்ற புனைபெயர் கொண்ட ஜே. பி. ரிச்சர்ட்சன், வயது 28, வானொலி அறிவிப்பாளராயிருந்து பாடகரானவர். மூன்றாமவர் ரிச்சி வாலன்ஸ். வயது 17 மட்டுமே. மெக்சிகோ வம்சாவளியில் வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 'லா பாம்பா' என்ற பழைய நாட்டுப்பாடலைப் புது மெட்டில் பாடி ஒரே ஆண்டில் நாடறிந்தவன்.

24 நாட்களில் 24 ஊர்கள் என்று வகுக்கப்பட்ட சுற்றுப்பயணம் அது. ஊர்களின் வரிசையோ ஒழுங்கற்றது. இன்று வடக்கே நூற்றுக்கணக்கான மைல். நாளை மீண்டும் தெற்கே. பழைய பேருந்துகளில் வெப்பமூட்டும் கருவி அடிக்கடி பழுதுபட்டது. நட்டநடு வழியில் வண்டி நின்றுபோக, மேளக்காரரின் கால்கள் குளிரில் விறைத்து, அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. உடுத்த துவைத்த துணி இல்லை, கண்ணயர நேரமில்லை. பொறுமையிழந்த ஹாலி, அடுத்த ஊருக்கு விமானத்தில் சென்று, ஓர் இரவாவது படுத்துறங்கித் துணிகளைத் துவைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். அருகிலிருந்த மேசன் சிட்டியில் நால்வர் அமரும் சிறு விமானம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. விமானி நீங்கலாக மூவர் செல்லலாம். ஆளுக்கு 36 டாலர்.

ஹாலியின் குழுவைச் சேர்ந்த வேலன் ஜென்னிங்ஸும் டாமி ஆல்சப்பும் உடன் செல்வதாக முதலில் ஏற்பாடு. ரிச்சர்ட்சனுக்கோ சளிக் காய்ச்சல். உடல் நோக, இடத்தை விட்டுத்தரும்படி அவர் கேட்க, ஜென்னிங்ஸ் இரக்கப்பட்டு இசைந்தார். இளைஞன் வாலன்ஸ் ஆல்சப்பிடம் ஓயாமல் கெஞ்சினான். இறுதியில் நாணயம் சுண்டினார்கள். வாலன்ஸ் வென்றான். வெற்றி! அந்தோ, எத்தகைய வெற்றி அது!

வாலன்ஸைப் பற்றி இங்கே ஒன்று கூறவேண்டும். 1957 ஜனவரி 31 அன்று அவன் பயின்ற பள்ளிக்கு மேலே இரு விமானங்கள் மோதி, அவற்றின் பாகங்கள் விளையாட்டுத் திடலில் விழுந்து மாணவர் மூவர் மாண்டனர். அன்று தன் பாட்டனாரின் அடக்கச் சடங்குக்குச் சென்றிருந்தபடியால் அவன் பள்ளியில் இல்லை. அன்று முதல் விமானம் என்றாலே அவனுக்கு நடுக்கம். அந்த நடுக்கத்தையும் அடக்கிக்கொண்டு அவன் விமானத்தில் ஏறினான் என்றால், அந்தப் பேருந்தின் குளிர் எத்தகையது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சற்று முன்னர் விமானம் கிளம்பியது. விமானி ரோஜர் பீட்டர்சனுக்கு வயது 21. அவரும் புதிதாக மணமானவர். கண்ணால் தரையையும் தொடுவானையும் பார்த்து ஓட்டப் பழகியவர். இருளிலும் மேகத்திலும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கான தகுதிச் சான்று பெறாதவர். வழியில் வானிலை கெட்டுவருகிறது என்ற இரு எச்சரிக்கைகள் வெளியாகியிருந்தும், அவை அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அது மட்டுமன்று, விமானத்தின் மூக்கு மேல் நோக்குகிறதா, கீழ் நோக்குகிறதா என்று காட்டும் கருவி, அவர் பழகிய கருவிக்கு நேர் எதிர்மாறாகக் காட்டும் வகையைச் சேர்ந்தது. நட்சத்திரமும் விளக்குமற்ற இருளில், மேலே ஏறுவதாக எண்ணிக்கொண்டே அவர் கீழே இறங்கியிருக்கக் கூடும் என்பது விசாரணையாளர் கருத்து. தளத்திலிருந்து ஆறு மைலுக்கும் குறைவான தூரத்தில், சோளக்கொல்லை ஒன்றில் விமானம் மோதிச் சிதறியது. நால்வரும் மாண்டனர். காலை ஒன்பதரை மணி வரை எவரும் அறியவில்லை.

ஹாலியின் இளம் மனைவி கருவுற்றிருந்தார். கணவரின் மரணச் செய்தி உற்றார் வாயிலாக வருமுன்னரே தொலைக்காட்சி வாயிலாக வந்தது. அதிர்ச்சியில் கரு கலைந்தது. ரிச்சர்ட்சனின் மனைவியும் கர்ப்பவதி. தந்தையின் முகம் காணாத மகன் சில மாதங்களில் பிறந்தான். வாலன்ஸ், கலிஃபோர்னியாவில் சான் பெர்னாண்டோ மிஷன் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டான். அன்றிரவே அடுத்த ஊரில், வேறொரு சிறுவனை மேடையேற்றி, நிகழ்ச்சி நடந்தேறியது! சீட்டு விற்றாகிவிட்டதல்லவா?

விளையாட்டாய்ச் சொன்ன சொல்

இடத்தை விட்டுக்கொடுத்த வேலன் ஜென்னிங்ஸ், பின்னாளில் அமெரிக்க நாட்டுப்புற இசையில் பெரும் புகழ் பெற்றார். ஆயினும், அந்த இரவின் ஒரு சொல் அவரை நெடுங்காலம் வாட்டியது. பேருந்து மீண்டும் குளிரில் உறைந்துபோகட்டும் என்று ஹாலி கேலியாகக் கூற, அப்படியானால் உமது விமானம் விழட்டும் என்று இவரும் சிரித்துக்கொண்டே பதில் கூறினாராம். நண்பர்கள் இருவர் சிரித்துப் பிரிந்த கடைசிப் பேச்சு! தம் சொல்லே பலித்துவிட்டதோ என்ற குற்ற உணர்வால் ஆண்டுக்கணக்கில் தாம் துன்புற்றதைப் பின்னாளில் அவரே வெளிப்படுத்தியுள்ளார். 2002-ல் அவர் காலமானார்.

அன்பர்களே, அவர் குற்றவாளி அல்லர். நோயுற்ற நண்பனுக்கு இடம் கொடுத்தவர் அவர். விமானத்தை விழச்செய்தது சொல் அன்று. இருளும், அவசரமும், பழக்கமில்லாக் கருவியும், சேராத எச்சரிக்கையுமே. ஆயினும் மனித மனம் அறிவின் பேச்சை எளிதில் கேட்பதில்லை. விபத்தில் மகனை இழந்த தாய், "நான் அன்று போக வேண்டாமென்று சொல்லியிருந்தால்..." என்று வாழ்நாள் முழுதும் தன்னையே நொந்துகொள்வதை நம் குடும்பங்களிலும் காண்கிறோம் அல்லவா? அத்தகையோருக்கு நாம் ஆறுதல் கூறுவது மட்டும் போதாது. "இது உன் பிழையன்று" என்று வாய் திறந்து, திரும்பத் திரும்பக் கூறவேண்டும்.

உடன்பிறந்தார் இருவர்

பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். ஜினெட் நெவே என்ற பிரெஞ்சுப் பெண்மணி, 1935-ல் வார்சாவில் நடந்த வெனியாவ்ஸ்கி வயலின் போட்டியில் முதற்பரிசு பெற்றபோது அவருக்கு வயது 15. இரண்டாம் பரிசு பெற்றவர் யார் தெரியுமா? பின்னாளில் உலகமே வியந்த ருஷ்ய மேதை டேவிட் ஆய்ஸ்ட்ராக்! இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஜினெட்டைக் கொண்டாடின. அவருடைய அண்ணன் ழான்-பால், தங்கையின் வயலினுக்குப் பியானோ வாசிப்பதையே தம் பணியாகக் கொண்டவர்.

1949 அக்டோபர் 27 இரவு, அண்ணனும் தங்கையும் பாரிஸிலிருந்து நியூயார்க் செல்லும் விமானத்தில் ஏறினர். குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்டானும் அதே விமானத்தில் பயணமானார். கப்பலில் வருவதற்கு நாளாகும், விமானத்திலேயே வாரும் என்று பாடகி எடித் பியாஃப் அவரை வேண்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவருடன் வந்தோருக்கும் இடம் வேண்டுமென்பதற்காக, புதுமணத் தம்பதியர் உள்ளிட்ட சிலர் இறங்க நேர்ந்தது. புறப்படுமுன் ஜினெட் தம் வயலினைச் செர்டானிடம் காட்டி மகிழும் புகைப்படம் ஒன்று இன்றும் உண்டு. அதில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

அட்லாண்டிக் கடல் நடுவே அசோர்ஸ் தீவுக்கூட்டம். அங்கே சான்டா மரியா என்ற தீவில் இறங்க வேண்டிய விமானம், திசை தவறி, சாவ் மிகேல் என்ற வேறொரு தீவின் மலையில் மோதியது. தளம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமானிகள் கடைசியாக அறிவித்திருந்தனர். ஆனால் அவர்கள் கண்டது வேறு! 48 பேரும் மாண்டனர். ஜினெட்டுக்கு வயது 30. உயிரை விட்ட நேரத்திலும் அண்ணனும் தங்கையும் பிரியவில்லை. ஒரே நாளில் இரு பிள்ளைகளை இழந்த பெற்றோரின் நிலையை எழுத்தில் வடிக்கவும் கூடுமோ?

நான்காண்டுகள் கழித்து, இரண்டே மாதங்களுக்குள் இரு பேரிழப்புகள். 1953 செப்டம்பர் 1 அன்று, முதுபெரும் வயலின் வித்வான் ழாக் திபோ, தம் 72-ஆம் வயதில், கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லும் வழியில், ஆல்ப்ஸ் மலையில் மோதிய விமானத்தில் மாண்டார். 1720-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி செய்த அவரது வயலினும் உடன் அழிந்தது. அவ்வாண்டே அக்டோபர் 29 அன்று, அமெரிக்கப் பியானோ கலைஞர் வில்லியம் கபெல், ஆஸ்திரேலியாவில் கச்சேரிகளை முடித்துத் தாயகம் திரும்புகையில், சான் பிரான்சிஸ்கோ அருகே மூடுபனியில் மறைந்திருந்த குன்றில் விமானம் மோதி, 31-ஆம் வயதில் உயிர் துறந்தார். பசிபிக் மாகடலைக் கடந்து வந்தவருக்கு எஞ்சியிருந்தது சில நிமிடப் பயணமே.

1956 நவம்பரில் இத்தாலிக்கு ஒரு பேரிடி. இசை நடத்துனர் குய்தோ கான்டெல்லி, உலகப் புகழ்பெற்ற மிலான் ஸ்காலா அரங்கின் இசை இயக்குநராக அறிவிக்கப்பட்டு எட்டே நாட்கள் ஆகியிருந்தன. 24-ஆம் தேதி பாரிஸின் ஒர்லி தளத்திலிருந்து கிளம்பிய விமானம் சில விநாடிகளில் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 36. இசைப் பேராசான் டோஸ்கனினி அவரைத் தம் வாரிசாகவே கருதியிருந்தார். 89 வயதான அம்முதியவரின் நெஞ்சம் தாங்காதென்று அஞ்சி, இச்செய்தியை அவரிடமிருந்து மறைத்துவிட்டார்கள். இரண்டு மாதங்களுக்குள், 1957 ஜனவரி 16 அன்று, தம் சீடர் தமக்கு முன்னே சென்றதை அறியாமலே டோஸ்கனினியும் கண்மூடினார்.

விதியா? கவனக்குறைவா?

இத்தகைய செய்திகளைக் கேட்டதும் "எல்லாம் தலைவிதி" என்கிறார்கள் சிலர். "ஆண்டவரின் சித்தம்" என்கிறார்கள் வேறு சிலர். துயரில் மூழ்கியோரின் வாயில் அச்சொற்கள் வருவதை நாம் குறைகூற வேண்டாம். ஆனால், மனிதர் செய்த பிழையை இறைவன்மீது சுமத்திவிட்டு நாம் கைகழுவி நிற்பது தகுமா? விசாரணை அறிக்கைகள் கூறுவதைச் சற்றுக் கேளுங்கள்.

1977 அக்டோபர் 20. 'லினர்ட் ஸ்கினர்ட்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் வாடகை விமானம் மிசிசிப்பி மாநிலக் காட்டில் விழுந்தது. பாடகர் ரானி வான் சான்ட், கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவருடைய அக்காள் கேஸி கெய்ன்ஸ் உள்பட அறுவர் மாண்டனர். காரணம்? எரிபொருள் தீர்ந்துபோயிற்று! ஓர் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. எஞ்சியிருப்பது எவ்வளவு என்று விமானிகள் சரிவரக் கவனிக்கவில்லை.

1997 அக்டோபர் 12. மலைகளையும் கிராமத்துச் சாலைகளையும் இனிய குரலில் பாடிய ஜான் டென்வர், முந்தின நாளே தமதாக்கிக்கொண்ட சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச்சென்று, கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்தார். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி, ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னே, எட்டாத இடத்தில் அமைந்திருந்தது. அதைத் திருப்பத் திரும்பியபோது விமானம் கட்டுமீறியது என்பது விசாரணையின் முடிவு. கிளம்புமுன் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தால் அக்கைப்பிடியைத் தேடும் தேவையே வந்திராது. வயது 53.

2001 ஆகஸ்ட் 25. பஹாமாஸ் தீவில் படப்பிடிப்பை முடித்த 22 வயதுப் பாடகி ஆலியாவும் அவர் குழுவினரும் திரும்ப அவசரப்பட்டனர். சிறிய விமானம்; பெட்டிகளோ ஏராளம். தாங்கும் எடைக்கு மேல் பல நூறு பவுண்டு பாரம் ஏற்றப்பட்டது. ஓடுதளத்தை விட்டெழுந்த மறு கணமே அது விழுந்தது. ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

1985 ஆகஸ்ட் 12-ஆம் தேதியை ஜப்பானியர் என்றும் மறவார். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு 524 பேருடன் புறப்பட்ட பெரிய விமானம், மலையில் மோதி 520 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பாடகர் க்யூ சகமோட்டோ, வயது 43. தலை நிமிர்ந்து நடப்பேன் என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட அவரது பாடல், 'சுகியாக்கி' என்று பாடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உணவின் பெயரில் அமெரிக்காவில் வெளியாகி, 1963-ல் அங்கே முதலிடம் பெற்றது. அவ்விமானத்தின் வால்பகுதி 1978-ல் தரையில் உராய்ந்து சேதமுற்றிருந்தது. அதைச் செப்பனிட்டவர்கள், இரு வரிசை ஆணிகள் தாங்கவேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கும்படி தகட்டைப் பொருத்திவிட்டனர். கண்ணுக்குத் தெரியாத அப்பிழையோடு 12,000-க்கும் மேற்பட்ட முறை அது பறந்தது. ஒரு நாள் அத்தடுப்பு பிளந்தது, வால் சிதைந்தது. கட்டுப்பாடற்று அரை மணி நேரம் அலைந்த விமானத்தில், சிலர் தம் மனைவி மக்களுக்குக் கடைசிக் கடிதம் எழுதி வைத்தனர்.

எண்ணிப் பாருங்கள்: ஒரு கணக்கை மறத்தல், ஒரு பெட்டியை அதிகம் ஏற்றுதல், ஒரு வரிசை ஆணியை விடுதல், ஓர் எச்சரிக்கையைச் சொல்லாதிருத்தல். இவை ஒவ்வொன்றும் "பரவாயில்லை, போகலாம்" என்ற ஒரே சொல்லின் வேறு வேறு உருவங்கள் அல்லவா?

எஞ்சியவர்கள்

1967 டிசம்பர் 10 அன்று பாடகர் ஓட்டிஸ் ரெடிங், வயது 26, அமெரிக்காவின் மேடிசன் நகரருகே குளிர்ந்த ஏரி ஒன்றில் விமானம் விழ, உயிர் நீத்தார். உடன் சென்ற 'பார்-கேஸ்' குழுவினருள் பெரும்பாலோர் இன்னும் இருபதை எட்டாத பிள்ளைகள். மாண்டவர் எழுவர், தப்பியவர் ஒருவரே: எக்காளக் கலைஞர் பென் காலி. நீந்தத் தெரியாத அவர், இருக்கையின் மெத்தையைப் பற்றிக்கொண்டு மிதந்தார். உதவி கேட்டுத் தோழர்கள் எழுப்பிய குரல் ஒவ்வொன்றாய் அடங்குவதைக் கேட்டுக்கொண்டே மிதந்தார். விமானத்தில் இடமில்லாமையால் வேறு வழியாக வந்த குழுவினர் ஒருவரும் உயிரோடிருந்தார். இருவரும் அழுது ஓய்ந்தபின் என்ன செய்தார்கள்? அதே பெயரில் குழுவை மீண்டும் அமைத்தார்கள். ரெடிங் மறைவதற்குச் சில நாட்கள் முன்பு பதிவு செய்த பாடல் மறு ஆண்டு வெளியாகி நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. பாடியவர் அதைக் காணவில்லை. காலி 2015 வரை வாழ்ந்தார்.

நமக்கு விமானப் பயணம் அரிதாயிருக்கலாம். ஆனால் திருமண வீட்டுக்கு வேன் பிடிக்கிறோம். திருத்தல யாத்திரைக்குப் பேருந்து அமர்த்துகிறோம். இரவெல்லாம் ஓட்டிய ஓட்டுநரிடம், "விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும்" என்று கூறுகிறோம். பன்னிருவர் அமரும் வண்டியில் இருபது பேரை ஏற்றி, "நெருக்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை" என்கிறோம். பிள்ளைகள் மூவரை ஸ்கூட்டரில் வைத்துப் பூசைக்கு விரைகிறோம். ஐயோவாவில் அன்று கேட்ட அதே சொல்தான் நம் வீட்டு வாசலிலும் கேட்கிறது.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, அடுத்த பயணத்துக்கு முன் ஓட்டுநரை ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, நீர் உறங்கினீரா?" இல்லை என்று அவர் கூறினால், அவரைப் படுக்கச் சொல்லுங்கள், ஒரு குவளை காப்பி கொடுத்து, நாலு மணி நேரம் தாமதமாகப் புறப்படுங்கள். முகூர்த்தம் தவறினால் உறவினர் கோபித்துக்கொள்வர். அந்தக் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். வீட்டைவிட்டுச் செல்பவரிடம், கேலிக்கானாலும் கடுஞ்சொல் கூறாமல், நெற்றியில் சிலுவை வரைந்து வழியனுப்புங்கள். எங்கேனும் விபத்து நேர்ந்ததாகச் செய்தி கிடைத்தால், அதை ஊரெங்கும் பரப்புமுன், அவ்வீட்டாருக்கு நெருங்கிய ஒருவர் நேரில் சென்று தெரிவித்தாரா என்று கேளுங்கள். பட்டி ஹாலியின் இளம் மனைவிக்குக் கிடைக்காத அந்தச் சிறு இரக்கம், நம் பங்கிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காமற் போகலாகாது.